ஜெனரல் தெரிவும் அம்மாவின் ஒரு மணித்தியாலமும்

அம்மா இறந்து முப்பத்தொரு நாள். பெயர் புஸ்பராணி. திருகோணமலையில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து என்னைத் தொலைபேசித் தொழினுட்பம் படிக்க வைத்தார். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபைக்காரி.

2006 தை மாதம். கடற்கரையில் மாணவர்கள் கொல்லப்பட்டு மூன்று கிழமை. சந்திக்குச் சந்தி இராணுவக் காவலரண். ஐந்தரைக்குப் பிறகு தெருவில் ஆள் இருக்காது.

அந்தக் கிழமைதான் இங்கிலாந்தில் சேனையின் உலகத் தலைவரை, ஜெனரலை, தெரிவு செய்தார்கள். பல நாட்டுத் தலைவர்கள் ஓரிடத்தில் கூடிப் பெயர்களை முன்மொழிவார்கள். தெரிவுக்கு நிற்பவர்களிடம் கேள்வி கேட்பார்கள். பிறகு இரகசிய வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காவிட்டால் மறுபடியும் வாக்கு. வாக்கில்லாத எங்கள் சபையாருக்கு ஜெபம்தான் வேலை. அங்கே கூட்டம் நடக்கும் நேரமெல்லாம் எங்கள் சிறிய மண்டபத்தில் ஒருவர் முழங்காலில் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் எழும்பலாம். அம்மாவின் முறை மாலை நாலிலிருந்து ஐந்து.

அன்று நாலரைக்குக் கடைத்தெருப் பக்கம் குண்டு வெடித்தது. ஐந்தாகியும் அம்மா வரவில்லை. சைக்கிளை எடுத்தேன். இரண்டு காவலரண்களில் குண்டில்லை என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டாவதில் அடையாள அட்டையைத் திருப்பித் தரச் சுணங்கினார்கள். அதன் பிறகு ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் அம்மா மட்டும். ஐந்து மணி முறைக்காரர் முத்துலிங்கம் வரவில்லை.

"எழும்புங்கோ அம்மா."

"முத்துலிங்கம் வரட்டும்."

"அந்தாள் கட்டிலுக்குக் கீழ கிடக்கும். வெடிச்சது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"நீங்கள் இல்லாமலும் அங்க வோட்டுப் போடுவினம்."

"போடுவினம். எனக்கு வோட்டா தந்தவை? இந்த ஒரு மணித்தியாலம்தான்."

யோசித்தேன். தனியாகப் போகும் வயதான பெண்ணை மறிக்கமாட்டார்கள். என்னோடு வந்தால் மறிப்பார்கள். வீடு பதினைந்து நிமிடம். அவர் தோளைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"இனி என்ர முறை. நேர வீட்ட போங்கோ."

"உனக்கு ஜெபம் பண்ணத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப சும்மா இரு. கேக்கிறவருக்கு விளங்கும்."

போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வாகனம் வந்து நின்றது. சிப்பாய்களின் சப்பாத்துச் சத்தம். ஜெனரலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா வீடு சேர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவரிடம் கைத்தொலைபேசி கிடையாது. வாகனம் போய்விட்டது. வெளியே பார்க்கத் துணிவு வரவில்லை.

ஆறு மணிக்குக் கதவு அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தோளில் ஒரு கை.

அம்மா.

"வீட்ட போகேல்லையோ?"

"போய் எரிஞ்சுகொண்டிருந்த அடுப்பை நூத்துப்போட்டு வந்தனான்."

"உங்களுக்கென்ன விசரோ? அந்த ரோட்டால திரும்பவோ?"

"ஆறு மணிக்கு உன்னை ஆர் தொடுறது? விடியும்வரை இதில கிடப்பியோ? தள்ளு."

முழங்காலிட்டார். நானும் போகவில்லை. இங்கிலாந்தில் அன்றைய கூட்டம் கலையும்வரை, மணிக்கு ஒரு தடவை, நாங்களே ஒருவரை ஒருவர் தொட்டு மாறிக்கொண்டோம்.