கூரையை நீட்டிப் போடுகிறவர்

வர்க்கமூலக் குறி போடும்போது வைஃபாலே அதன் மேல்கோட்டை எண்ணோடு நிறுத்த மாட்டார். எண்ணைத் தாண்டி இன்னும் ஒரு விரல் நீளத்துக்கு இழுத்து, நுனியைச் சற்றே கீழே சாய்த்துவிடுவார். "மழை அடிச்சா உள்ள இருக்கிறவன் நனையக் கூடாதுல்ல" என்பார். அவர் கண்ணுக்கு அது கூரை, கீழே இருக்கும் எண் விருந்தாளி. கரும்பலகையில் இடம் போதாமல் அந்தக் கூரை பக்கத்துக் கணக்கின் தலையில் ஏறி உட்கார்ந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

சவாயித் தீவில் எங்கள் டீசல் மின் நிலையத்தின் மூத்த ஃபிட்டர் அவர். ஊரில் அதைவிடப் பெரிய ஆள். வைஃபாலே என்பதே பட்டம். பேச்சாளர் தலைவருக்குரிய பட்டம். கல்யாணமோ சாவோ சமாதானமோ, தென்னை நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் சார்பில் எழுந்து பேசுகிறவர் அவர்தான். நான் இங்கே பெண் எடுத்துத் தங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மனிதர் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. எஞ்சினிடம்கூடப் பேசுவார். "என்ன தாயி, காலையிலேயே மூச்சு வாங்குது?" என்று அதன் வயிற்றில் கை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

அப்பேர்ப்பட்டவரை எங்களோடு சேர்த்துத் தலைமை அலுவலகம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டது. இனிமேல் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்றால் சான்றிதழ் வேண்டுமாம். வருஷக்கணக்காக அந்த வேலையைப் பார்த்துவருகிறவர் இவர், ஆனாலும் தேறாவிட்டால் தலைநகர் ஆப்பியாவிலிருந்து சான்றிதழோடு யாரோ ஒருவன் வந்து இவர் தலைமேல் உட்காருவான். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டார். மாறுதிசை மின்னோட்டத் தாளில் மட்டும் போன வருஷம் தவறிவிட்டார். இந்த வருஷமும் தவறினால் அத்தோடு சரி.

அந்தத் தாள் முழுக்கக் கற்பனை எண்கள். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு 'ஐ' என்று பெயர். எங்கள் தொழிலில் 'ஐ' மின்னோட்டத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் 'ஜே' என்போம். இந்த வருஷ வகுப்பின் முதல் நாளே வைஃபாலே எழுந்து ஆட்சேபித்தார். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராது என்று பாதிரியார் பள்ளியில் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே, இப்போது வரும் என்றால் அந்த அடியை யார் திருப்பி வாங்கிக்கொள்வது என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பாடம் எடுத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் ஃபுவாதினோ. கடல் தாண்டி சுவாவில் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்க அமர்த்தப்பட்டவள். வைஃபாலேயின் மகள்.

அவள் வகுப்பில் அவரை எந்தப் பெயர் சொல்லியும் அழைக்க மாட்டாள். அப்பா என்றால் வகுப்பு கெட்டுவிடும், பட்டத்தைச் சொன்னால் தலைவருக்குப் பாடம் எடுப்பதாக ஆகிவிடும். "அந்த ஜன்னல் பக்கம் என்ன விடை வந்துச்சு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள். அவரும் ஜன்னல் வழியாகவே பதில் சொல்வார்.

ஜேயை அவர் நம்பியது வகுப்பில் அல்ல, மின் பலகைக்கு முன்னால். மீன் குளிர்பதனக் கிடங்கின் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் பலகையில் ஒரு முள் சாயும். அது வேலை செய்கிற மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் அல்ல. வேலை செய்யாமல் கம்பியில் போவதும் வருவதுமாக இருக்கிறதே, அது இல்லாமல் மோட்டார் சுற்றாதே, அதைக் காட்டும் மீட்டர். கணக்கில் அதுதான் ஜே போட்ட பங்கு. முள்ளையே வெகுநேரம் பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "இல்லாத எண்ணுக்கு எவனாச்சும் மீட்டர் வைப்பானாய்யா?" என்றார். அன்றிலிருந்து ஜேயை யாராவது கற்பனை என்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

அப்புறம் அவர் தமக்கென்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். ஊர்ச் சபை வீட்டில் கிழக்குக் கடைசித் தூணில் முதுகு சாய்த்து ஒரு பெருந்தலைவர், மேற்குக் கடைசித் தூணில் இன்னொரு பெருந்தலைவர். கிழக்கு பிளஸ், மேற்கு மைனஸ், நடுவில் பூஜ்யம். பேச்சாளர்கள் அந்த இரண்டிலும் சேராமல் முன்பக்கத் தூண்களில் உட்காருவார்கள். ஜே என்பது அந்த முன்பக்கம். ஜேயால் ஒருமுறை பெருக்கினால் கிழக்கிலிருந்து கால் வட்டம் திரும்பி முன்பக்கம் வருகிறோம், இன்னொரு முறை பெருக்கினால் மேற்கே போய்விடுகிறோம். "ஜேன்னா வேற யாரும் இல்ல, எங்க கூட்டம்" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். அப்படியானால் மைனஸ் ஜே யார் என்று ஒருவன் கேட்டான். பின்பக்கம் உட்கார்ந்து சபைக்குக் காவா பானம் கலக்குகிறவர்கள் என்றார், யோசிக்கவே இல்லை. எனக்கு அன்றுதான் அந்தப் பாடம் புரிந்தது.

தேர்வு நெருங்கியபோது ஃபுவாதினோ பலகையில் ஒரு கணக்கு எழுதினாள். மைனஸ் நாலின் வர்க்கமூலத்தை மைனஸ் ஒன்பதின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். வைஃபாலே எழுந்து போனார். இரண்டு எண்ணுக்கும் மேலே ஒரே கூரையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். உள்ளே மைனஸும் மைனஸும் பெருகி முப்பத்தாறு, அதன் மூலம் ஆறு. விடையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். போன வருஷம் அவரைக் கவிழ்த்ததும் இதேமாதிரி ஒரு கணக்குத்தான். அது அவருக்குத் தெரியாது.

வகுப்பு மொத்தமும் அந்த ஆறை எழுதிக்கொண்டது. விடை மைனஸ் ஆறு என்று போட்டிருந்தவர்களும் அடித்துவிட்டு எழுதினார்கள். பட்டம் வாங்கிய தலைவரைச் சபையில் தப்பு என்று சொல்ல இந்தத் தீவில் யாருக்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை. "நீ வெளியூர்க்காரன், உனக்கு மன்னிப்பு உண்டு" என்று பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்தான். நான் என் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

ஃபுவாதினோ சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முதல்முறையாக ஜன்னலைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"அது தப்பு."

வைஃபாலேயின் குரல் நிதானமாக வந்தது. "ரெண்டு விருந்தாளி வந்தா ஆளுக்கொரு கூரை போட்டுத் தனித்தனியா உக்கார வைக்கிறது எந்த ஊரு மரியாதை?"

"சாதா எண்ணா இருந்தா நீங்க சொல்றது சரி. இவங்க அப்படி இல்ல. ஒரே கூரைக்குள்ள விட்டா ரெண்டு மைனஸும் ஒண்ண ஒண்ணு முழுங்கிடும், இவங்க யாருன்னே தெரியாமப் போயிடும்." சாக்பீஸால் அந்தக் கூரையைத் தட்டினாள். "முதல்ல வாசல்லயே ஜேய வெளிய எடுக்கணும். இவரு ரெண்டு ஜே, அவரு மூணு ஜே. அப்புறம்தான் பெருக்கணும்."

அவர் எழுந்தார். சாமரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மாலைப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் வகுப்பு அத்தோடு கலைந்தது. ஃபுவாதினோ பலகையை அழிக்காமலே போனாள். அன்று வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை, வேகவைத்த சேப்பங்கிழங்கு அப்படியே ஆறிக் கிடந்தது என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். போச்சு, மனிதர் தேர்வுக்கே வர மாட்டார் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் காலை மின் பலகை அறைக்குள் நுழைந்தால், தரை நடுவில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய ரப்பர் செருப்பு ஒன்று கிடக்கிறது. வைஃபாலே வெறுங்காலோடு அதைச் சுற்றிக் கால் கால் வட்டமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார். கிழக்கே நின்றார். முன்பக்கம் வந்தார். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு இன்னொரு கால் வட்டம் திரும்பி, தூரமாக அடி எடுத்து வைத்துப் போய் நின்றார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை.

"எப்படிச் சுத்துனாலும் மேற்குலதான்யா போய் நிக்கிறேன்" என்றார். "எங்க சபை வீடே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

அன்று வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். பலகையில் அந்த ஆறு அப்படியே இருந்தது. அதைத் தம் கையாலேயே துடைத்தார். மைனஸ் ஆறு என்று எழுதினார். எங்கள் பக்கம் திரும்பி, சபையில் பேசுகிற குரலில், "டீச்சர் சொன்னது சரி. நேத்து என்னப் பாத்து எழுதுனவங்க எல்லாம் அழிச்சு எழுதுங்க" என்றார். நாங்கள் அழித்தோம். அத்தனை பேர் அழிப்பான் தேய்க்கும் சத்தத்தை அந்த அறை அதற்கு முன் கேட்டிருக்காது.

தேர்வில் அந்தக் கணக்கு எண் மாறி வந்தது. அவர் தேறினார். நான்கூடத் தேறினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை ஊர்ச் சபை வீட்டில் வைத்துப் பாதிரியார் கையால் கொடுக்க ஏற்பாடு. தலைவர்கள் அவரவர் தூணில் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம், காவா கலக்குகிறவர்களுக்கும் பின்னால், பட்டம் இல்லாதவர்களோடு ஃபுவாதினோ பாயில் உட்கார்ந்திருந்தாள். வைஃபாலே வாங்கிக்கொண்டார். நீளமாகப் பேசப்போகிறார் என்று எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய தூண் பக்கத்திலேயே இருந்தது. நேராகப் போய் உட்கார்ந்திருக்கலாம். அவர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

இங்கே மரியாதைக்குரியவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் முன்னால் நிமிர்ந்து நடக்க மாட்டார்கள். முதுகை வளைத்து, ஒரு கையைத் தாழ்த்தி, 'துலோ' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடப்பார்கள். சிறியவர்கள் பெரியவர்களுக்குச் செய்வது அது.

மகளுக்கு முன்னால் வந்ததும் வைஃபாலே முதுகை வளைத்தார். சான்றிதழ் பிடித்த கை பாயைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தது. "துலோ" என்றார், சபை முழுக்கக் கேட்கும்படி.