சாம்பிராணிக்குப் போன இத்தாலிக் கிண்ணம்

உஷாராணி கோபத்தோடு நடந்து வந்தால் மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஈர அப்பளத்தைக் கடைவாசலில் பரப்பி வைப்பார்களாம். வெயிலே வேண்டாமாம், அவள் கடந்து போனதும் அள்ளிக்கொள்ளலாமாம். இதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வேலைக் காலம் முழுக்க ஊரார் எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண், அதன் பிறகு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. சாதாரணக் கண்ணாடி அல்ல. வெனிஸ் பக்கத்தில் மூரானோ என்றொரு தீவு. அங்கே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வாயால் ஊதிச் செய்த கிண்ணம், ஜாடி, வாத்து, மீன். இங்கே வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை பிரிக்பீல்ட்ஸ் பழைய சாமான் கடைகளில் பீங்கான் யானைகளுக்கு நடுவே தூசி தின்றுகொண்டிருக்கும். உஷா ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்புறத்தைத் தடவுவாள். ஊதியவன் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த தழும்பு அங்கே இருக்கவேண்டும்.

"பரமேஸ்வரன், இது இத்தாலின்னா நான் ரோமாபுரி ராணி. அச்சுல வார்த்த கோடு தெரியுது பாருங்க லா!"

"ஆன்டி, நீங்க உள்ள வந்தாலே என் கடை பொம்மையெல்லாம் பயப்படுது," என்பார் கடைக்காரர்.

அவரிடம்தான் அந்தக் கிண்ணம் கிடைத்தது. பல வருஷம் தேடியது. தேன் நிறம், அதைச் சுற்றிப் பச்சை, அதற்கும் மேல் உறைந்த தண்ணீர் போல நிறமில்லாத கனமான கண்ணாடி. விளிம்பில் சிகரெட் வைக்கப் பள்ளங்கள். வீட்டு அலமாரியின் நடுத்தட்டு அதற்கென்றே ஒதுங்கியது. அதன் எதிரே தும்முவதற்குக்கூட அவள் கணவர் கன்னையா அனுமதி கேட்பார்.

போன தை மாதம் கன்னையாவின் அக்கா இராஜம்மா சுங்கை பூலோவிலிருந்து வந்து தங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட எடுத்த மண்சட்டி அவர் கை நழுவி உடைந்தது. உஷா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். அலமாரியில் கனமாக, தோதாக ஒன்று இருந்தது. தணலை அள்ளி அதில் கொட்டிவிட்டார்.

உஷா கதவைத் திறந்ததும் புகைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கிண்ணம் இரண்டு துண்டு. தணல் கம்பளத்தில்.

"அண்ணி! என்ன பண்ணிட்டீங்க?"

"சாம்பிராணி போட்டேன். இது சாம்பல் தட்டுற கிண்ணம்தானே? நெருப்பு தாங்கும்னுதானே செஞ்சிருக்கான்?"

"சிகரெட் நெருப்பு அண்ணி! அடுப்பு நெருப்பு இல்ல!"

"விடு உஷா. கண்ணாடி உடைஞ்சா திருஷ்டி கழிஞ்சுதுன்னு அர்த்தம். யார் கண்ணு பட்டதோ."

"யார் கண்ணும் படல. உங்க கைதான் பட்டுச்சு."

மன்னிப்பு என்ற சொல்லை இராஜம்மா வாங்கியே வரவில்லை. உஷா கம்பளத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் தம்பிக்குக் கண் காட்டினார். விளக்கு வைக்கும் நேரம், உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக்கூடாதாம். கன்னையா துண்டுகளைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு நழுவினார். உஷா நிமிர்ந்தாள், ஆளைக் காணோம், கிண்ணத்தையும் காணோம். செருப்பில்லாமல் மாடிப்படியில் கீழே ஓடினாள். குப்பைத் தொட்டியின் மூடியை அவர் தூக்கியிருந்தார்.

"குடுங்க."

"உஷா, அக்கா என்ன சொல்றாங்கன்னா..."

"உடைச்சதும் அவங்க. தூக்கிப் போடச் சொல்றதும் அவங்களா? உடைஞ்சாலும் அது என் பொருள். குடுங்க!"

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தாள். இராஜம்மா வாசலை மறித்து நின்றார்.

"அது இருக்குற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அந்தக் குடும்பத்தில் இந்த வாக்கியம் வந்தால் எல்லோரும் காலில் விழாத குறையாகக் கெஞ்சவேண்டும். அதுதான் வழக்கம். இராஜம்மா அதற்குக் காத்திருந்தார்.

"சரி அண்ணி. கிராப் கார் கூப்பிடவா?"

கன்னையாவுக்கு நின்றுபோன மூச்சு, பிறகு பெரிய மனசு பண்ணித் திரும்பி வந்ததாகக் கேள்வி. அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார். உஷா தடுக்கவில்லை.

கரியைத் தேய்த்துக் கழுவினாள். துண்டுகள் இரண்டையும் அலமாரியின் அதே நடுத்தட்டிலேயே, உடைந்த முகம் வெளியே தெரிய நிறுத்தினாள். மேசை விளக்கை அருகே இழுத்தாள். தேன் எங்கே முடிகிறது, பச்சை எவ்வளவு மெல்லிசாக அதன்மேல் ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. முழுசாக இருந்தபோது காட்டாத அழகு.

அதைக் காட்டிக்கொடுத்தது இராஜம்மா என்பதில்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.