அக்காவின் குசினியும் நகரப் படமும்

பிரதேச சபை மண்டபத்தின் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். பஜார், பாலம், பள்ளிக்கூடம், புத்த பன்சலை, ஓயா ஆறு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் லயம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பச்சை வர்ணம் அடித்து, அதன்மேல் சிங்களத்தில் 'புதிய சந்தை மைதானம்' என்று எழுதியிருந்தது. கூட வந்த அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் வாசிக்க வராது. "எங்கடி நம்ம லயம்?" என்று படத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தேடாதக்கா. நம்மள அழிச்சிட்டானுங்க" என்றேன்.

புளத்கொகுபிட்டிய பக்கத்தில் ஒரு சின்ன பஜாரும், அதற்கு மேலே ஒரு றப்பர் தோட்டமும்தான் எங்கள் ஊர். பஜார் முடிகிற இடத்தில் மேடு தொடங்கும். மேட்டில் முதலாவதாக இருப்பது எங்கள் லயம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் என் வீட்டுக்காரர். எனக்குப் பஜாரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. சுனாமிக்கு முந்தின காலம் அது. ஓயா பெருகி, பஜாரே தண்ணீருக்குள் நின்றதற்கு அடுத்த வருஷம். இனிமேல் ஓயாக்கரையில் ஒரு கல்கூட வைக்கக்கூடாது, சந்தையை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை என்று ஊருக்கே புதிதாக ஒழுங்கு போடவேண்டும் என்று சபை முடிவெடுத்திருந்தது. நியாயமான முடிவுதான். முழங்கால் தண்ணீரில் நின்று அரிசி மூட்டை தூக்கியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஊரைக் காப்பாற்றுகிறவர்களுக்கு எங்கள் லயத்தைத் தவிர வேறு மேடு கண்ணில் படவில்லையே என்றுதான் ஆத்திரம்.

படத்தைப் பார்த்து ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லத்தான் வந்திருந்தோம். சபையை நடத்துகிற தவிசாளர் மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார், தங்கையைக் கூப்பிடுவதுபோல 'நங்கி' என்றார். "அது றப்பர் காணிதானே நங்கி. லயத்தில் இருப்பவர்களை மேல் டிவிஷனுக்கு மாற்ற தோட்ட நிர்வாகம் சம்மதித்துவிட்டது" என்றார் சிங்களத்தில்.

மேல் டிவிஷன் என்றால் தோட்டத்து வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் காம்பரா, அதாவது லயத்து அறை. தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் பெயர் இருக்கவேண்டும். அக்காவின் பெயர் அதில் இல்லை. புருஷன் இன்னொருத்தியோடு போனபிறகு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தோட்டம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் ஒற்றைக் காம்பராவில் நானும் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். அதனால் லயத்தின் பின்சுவரோடு, சமையலுக்கென்று தகரத்தில் ஒரு குசினி இறக்கினோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட இடம் இருந்தது. அதுதான் அக்காவின் வீடு. கூரைமேல் பூசணிக்கொடி ஏற்றியிருந்தாள். எங்கள் காம்பரா லயத்தின் ஓரம், அதன் பக்கமாகத்தான் ரோடு வளைந்து ஏறும்; ஆனால் குசினியின் வாசல் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, றப்பர் காட்டைப் பார்த்து இருந்தது.

அது ஏன் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் சொந்தமாக எதையும் கட்டக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஆனாலும் ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்னால் ஒரு குசினி, ஒரு ஒத்தாப்புச் சாய்ப்பு, ஒரு கோழிக்கூடு. தோட்டத்துத் துரையோ ஆபீஸ் ஐயாமார்களோ லயம் பார்க்க வருகிறார்கள் என்றால், வளைவில் ஜீப்பைக் கண்டவர் ஒரு தகர டப்பாவைத் தட்டுவார். அவ்வளவுதான், தகரங்கள் கழன்று தண்ணீர் ஓடும் கானுக்குள் படுத்துவிடும், கோழிகள் கூடைக்குள் போய்விடும், அக்கா கட்டில் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த வாசலால் றப்பருக்குள் ஏறிவிடுவாள். ஜீப் போனதும் எல்லாம் பழையபடி. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பெரியவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

தவிசாளரிடம் நான் விடவில்லை. "அங்கே லயம் மட்டும் இல்லைங்க மாத்தயா. பின்னுக்கு நாங்க கட்டின வீடுகள் இருக்கு. ஆட்கள் இருக்காங்க" என்றேன். படம் வரைந்த உத்தியோகத்தரும் அங்கே இருந்தார், கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண். அவர் தவிசாளரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். தவிசாளர் யோசித்துவிட்டு, "புதன்கிழமை வந்து பார்க்கிறோம். தோட்டத்து லயம் மட்டும்தான் என்றால் சந்தை அங்கேதான். உண்மையிலேயே ஆட்கள் கட்டின வீடுகள் இருந்தால் படத்தை மாற்றுகிறோம், சந்தையைப் பழைய ஸ்டோர் இடிந்து கிடக்கிற மேட்டில் போடலாம்" என்றார். இதைவிட ஒருவர் என்ன சொல்லவேண்டும்? வருகிற வழியில் அக்கா, "பார்த்தா மாத்திருவாங்களா?" என்று மட்டும் ஒருதரம் கேட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்: புதன்கிழமை சபையிலிருந்து பார்க்க வருகிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சபைக்காரர்களோடு நானும் பஜாரிலிருந்து நடந்தேன். தவிசாளர், படம் வரைந்த அந்த மிஸ், தோட்டத்துப் பக்கத்துக்கு வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. லயத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இஸ்தோப்புத் திண்ணையெல்லாம் சாணி போட்டு மெழுகி, கோலம் போட்டிருந்தார்கள். லயத்துத் தலைவர் வெள்ளைச் சட்டையோடு வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டு முடித்ததும் பின்பக்கம் போனோம்.

பின்பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது. குசினி இல்லை. ஒத்தாப்பு இல்லை. ஒரு கோழி இல்லை. கொடியில் ஒரு கிழிந்த துணிகூட இல்லை. அக்காவின் குசினி இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய மண்.

அடப்பாவிகளா! எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் ஆட்கள் கொடியோடு மறைத்துவிட்டார்கள்.

தலைவரை ஓரமாக இழுத்தேன். "என்னா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, நீதானே பார்க்க வர்றாங்கன்னு சொன்ன?"

"பார்க்கத்தானே வர்றாங்க! பார்க்கணும்னுதானே கூட்டிட்டு வந்தேன்!"

"அதுக்குத்தாம்மா, காலையில நீ கடைக்குப் போனதும் எல்லாத்தையும் கழட்டினோம்" என்றார், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பரம்பரை பரம்பரையாகப் பெரியவர்கள் பார்க்க வருவதென்றால் எங்களுக்கு ஒரு அர்த்தம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுபோல, நாங்களே எங்களை அழித்துவிட்டு வெற்றிலைத் தட்டோடு நின்றோம்.

தவிசாளர் சுற்றிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நீங்க சொன்ன வீடுகள் எங்கே நங்கி?" என்று கேட்டார். மிஸ் கையிலிருந்த படத்தை மடிக்கத் தொடங்கினார்.

நான் றப்பர் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன். "அக்கா! இறங்கி வா!"

மேலே மரங்களுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மடியில் சட்டிபானை மூட்டை, பக்கத்தில் சுருட்டிய பாய். அவள் எழும்பவில்லை. எனக்கு விளங்கியது. என் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவர் கண்ணில் படாமல் இருந்ததால்தான் அவளுக்கு இருக்க இடம் இருந்தது. இப்போது இறங்கி வந்து, சபை படத்தை மாற்றாமல் விட்டால், மறுநாளே தோட்டம் அவளை வெளியே போகச் சொல்லும். போக அவளுக்கு இடம் கிடையாது. எனக்கும் பயம் வந்துவிட்டது. மறுபடி கூப்பிடவில்லை.

பிறகு அக்கா எழுந்தாள். மூட்டையை மரத்தடியில் வைத்தாள். கானுக்குள் இறங்கி ஒரு தகரத்தை இழுத்தெடுத்து, தலையில் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து, தகரத்தைப் பின்சுவரில் சாய்த்துவிட்டு, தவிசாளரிடம் சிங்களத்தில் சொன்னாள்: "இது என் வீடுங்க மாத்தயா. காலையில கழட்டி வச்சேன். நீங்க வர்றதாலதான்."

"நாங்க வர்றதாலயா?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"ஆமாங்க. பெரியவங்க வந்தா நாங்க இருக்கக்கூடாதுங்க."

தவிசாளர் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை ஒரு றப்பர் மரத்தின் பால் சிரட்டையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுத்த தகரத்துக்குப் போனாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். பக்கத்துக் காம்பரா மதினி தன் ஒத்தாப்புக் கம்புகளைத் தூக்கினாள். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. கானிலிருந்து தகரம் வருகிறது, மரத்தடியிலிருந்து விறகு வருகிறது, கூடையைத் திறந்ததும் கோழிகள் தவிசாளரின் காலுக்குள் ஓடுகின்றன. தலைவர்கூட வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "இதைக் கழட்டினதவிட கெதியா மாட்டுறோம் பாருங்க" என்று சபைக்காரர்களிடம் தமிழிலேயே சொன்னார். தவிசாளர் சிரித்துவிட்டார்.

மிஸ் படத்தை மறுபடி விரித்தார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை அக்காவிடம் கொடுத்து, சுவரோடு பிடிக்கச் சொன்னார். குசினியின் நீளமும் அகலமும் எழுதிக்கொண்டு மிஸ் அடுத்த காம்பராவுக்குப் போனபிறகும், அக்கா கொஞ்ச நேரம் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. கூரை ஏறியதும் அவள் அடுப்பை மூட்டி எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். கணக்கப்பிள்ளையும் வாங்கிக் குடித்தார். பூசணிக்கொடி மட்டும் பிழைக்கவில்லை. இறக்கும்போது தண்டு முறிந்துவிட்டது. அதற்காக அக்கா அன்று கண் கலங்கினாள், மற்றதற்கெல்லாம் இல்லை.

அதற்குப் பிறகுதான் கெட்ட காலம். சபை கூடும், தள்ளிப் போடும், மறுபடி கூடும். இடையில் தோட்டத்திலிருந்து ஆள் வந்து, அனுமதியில்லாத குசினி, கழற்று என்றான். சபை முடிவு வரட்டும் என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டப்பாச் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து பாயைச் சுருட்டுவாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பேன்.

புதிய படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர்தான் சொன்னார். முதலாளியிடம் கேட்டுவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். சந்தை பழைய ஸ்டோர் மேட்டுக்குப் போயிருந்தது. எங்கள் மேட்டில் பச்சை இல்லை, மஞ்சள். 'குடியிருப்பு' என்று எழுதியிருந்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நீளமாக லயம், அதன் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு குசினிக்கும் ஒன்று. அக்கா விரலால் எண்ணிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிறுத்தினாள்.

"இதாடி?"

"அதேதான்க்கா."

விரலை எடுக்காமல் நின்றாள். மிஸ் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, "சரியா இருக்கா அக்கே?" என்று கேட்டார்.

"வாசல் போடலியே மிஸ்" என்றாள் அக்கா.

மிஸ் சிரித்தார். இந்த மாதிரிப் படத்தில் வாசல் போடுவதில்லை என்று சொன்னார். பிறகு, மனம் கேட்காமலோ என்னவோ, "உங்க வாசல் எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்.

எனக்குத் தெரியும், றப்பர் பக்கம். அக்கா ஒரு கணம் யோசித்தாள்.

"ரோட்டுப் பக்கம் மிஸ்" என்றாள்.

வருகிற வழியில் ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா சுத்தியலைத் தேடினாள். பொழுது சாய்வதற்குள், ரோட்டைப் பார்த்த பக்கத்துத் தகரத்தைக் கழற்றி அங்கே வாசல் திறந்து, அதே தகரத்தால் பழைய வாசலை அடைத்துவிட்டோம்.