தவமணியின் துப்பாக்கிக்கு நான் போட்ட உள்குழல்

தவமணியின் வலது கண்ணைப் பறித்தவன் நான்.

அவளே கெடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்கிறது. போலீஸ் காகிதம் சொல்கிறது. ஏன், அவளே அப்படித்தான் சொல்கிறாள்! அந்தப் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். குற்ற உணர்ச்சியில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன் என்று உங்களிடம் கதை விட மாட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மதுரையில் கீழமாசி வீதிக்குப் பின்னால், ஒரு சந்தில், துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். அரசாங்க உரிமம் பெற்ற கடை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூற்றாறு தேர்தலுக்குத் தவமணியும் ஒப்படைத்தாள். மாதக்கணக்கில் ஏதோ ஓர் ஒழுகும் அறையின் மூலையில் கிடந்துவிட்டு அது அவளிடம் திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு அப்பிக் கிடந்தது. தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்பும் உள்வரிகள் இருந்த சுவடே இல்லை.

பழைய ரைஃபிள். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். புருஷன் செத்த பிறகு, பயிர்ப் பாதுகாப்புக்கான அந்த லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காகக் கலெக்டர் ஆபீசுக்கு அவள் நடையாய் நடந்திருக்கிறாள். உசிலம்பட்டிக்கு மேற்கே மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் கடலை போட்டிருந்தாள். ராத்திரியானால் காட்டுப்பன்றி வரும். ஒரு வெடி வெடித்தால் ஓடிவிடும்.

"அண்ணே, இது இருந்தாத்தேன் நான் அந்தக் காட்டுல காலூண்டி நிக்க முடியும். பன்னி ஒருக்கா எறங்குச்சுன்னா ஒரு செடி மிஞ்சாது. பொம்பளைக்கு எதுக்கு வெள்ளாமைன்னு எங்கொழுந்தன் அதுக்குத்தேன் காத்துக்கிட்டு இருக்காரு. எப்பிடியாச்சும் சரி பண்ணிக் குடுங்க."

"கவலைப்படாத தாயி. புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்" என்றேன்.

எத்தனை பெரிய வாய் எனக்கு!

வேலை இதுதான். துருப்பிடித்த குழலை உள்ளுக்குள் நீளக் குடைந்து அகலப்படுத்த வேண்டும். நல்ல வரிகள் உள்ள வேறொரு குழலை லேத்தில் மெல்லியதாகக் கடைந்து அதற்குள் செருக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆசிட் தடவி, சூடேற்றி, நுனியிலிருந்து அடிவரைக்கும் ஈயம் ஓடும்படி பற்றவைக்க வேண்டும். ஈயம் முழுக்க ஓடினால் இரண்டு குழலும் ஒன்றாகிவிடும். ஓடாவிட்டால் உள்குழல் ஒருநாள் நழுவும். கழித்துப்போட்ட ஒரு ரைஃபிளிலிருந்து உள்குழலுக்கு ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று.

ஆயுத பூஜையன்று மதியம் அதைச் செருகினேன். ஆசிட் தடவியாகிவிட்டது, அடுப்பு எரிகிறது. அப்போது சந்தனம், குங்குமம், பொரிகடலையோடு என் மனைவி வந்து நின்றாள்.

"நல்ல நேரம் முடியப் போகுது. இன்னுமா கருவியைக் கழுவி வைக்கல?"

பூஜை போட்டுவிட்டால் மறுநாள் வரைக்கும் எதையும் தொடக் கூடாது. இது எங்கள் பட்டறைகளில் மீற முடியாத வழக்கம். அரை மணி நேரம் பொறு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. அடுப்பை அணைத்தேன். பற்றவைக்காத அந்தக் குழலை ஆசிட் ஈரத்தோடு அப்படியே அரத்துக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டினேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்!

மறுநாள் பிற்பகல் எடுத்துப் பார்த்தால், இரண்டு குழலுக்கும் நடுவே ஆசிட் அரித்துப் புதுத் துரு பூத்திருந்தது. அதில் ஈயம் ஒட்டாது. உருவி எடுத்துச் சுத்தம் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உருவும்போது உள்குழல் கோணிப்போகும், வேறு ஒன்று தேட வேண்டும், புதுசு மாதிரி என்று அளந்த வாயால் தவறிவிட்டது தாயி என்று சொல்ல வேண்டும். தவமணியோ சொன்ன தேதிக்குச் சொன்னபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு முனையிலும் மட்டும் விரற்கடை அளவு ஈயத்தை ஓடவிட்டேன். நடுவில் ஒன்றும் இல்லை. அரம் போட்டு மழுப்பி, கறுப்பேற்றி, எண்ணெய் துடைத்தேன். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலக் குழலைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றாகிப்போன குழல் கணீரென்று ஒலிக்கும். இது மந்தமாக ஒலித்தது. கேட்டேன்! இந்தக் காதால் கேட்டேன்!

அப்போது என் மனதில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். 'பன்றியை விரட்டச் சத்தம்தானே வேண்டும்... பொம்பளை, இவள் என்ன குறிபார்த்தா சுடப்போகிறாள்... இவளுக்கு இது போதும்.' அவள் கொழுந்தனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஆளாவது வாய்விட்டுச் சொன்னான்.

அவள் துப்பாக்கியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஓர் ஏட்டு அதே ரைஃபிளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். விடிகிற நேரத்தில் சுட்டிருக்கிறாள். தோட்டா முன்னால் போக, அதன் பித்தளைக் கூடு பின்பக்கமாகக் கிழிந்து அவள் முகத்தில் அடித்திருக்கிறது. வலது கண் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"வெடிச்சதுக்குக் காரணம் என்னன்னு பாத்து எழுதிக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

திறந்து பார்த்த உடனே தெரிந்துவிட்டது. உள்குழல் ஒரு நெல்லளவு முன்னால் நகர்ந்திருந்தது. பின்னால் விழுந்த அந்த இடைவெளியில் தாங்க எதுவுமில்லாமல்தான் கூடு கிழிந்திருக்கிறது. வேறு காரணமே இல்லை.

என் கை நடுங்கவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளைக் கம்பியை எடுத்து முன்பக்கமாக விட்டு, சுத்தியலால் ஒரு தட்டு... உள்குழல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஏட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன, ஒன் வேலைல ஏதும் கோளாறா?"

"வேலையில ஒண்ணும் இல்லீங்கய்யா. தோட்டா எப்பிடியோ..."

"அதானே! தோட்டா நமத்துப்போச்சுன்னு அந்தப் பொம்பள மொறத்துல பரப்பி வெயில்ல காய வச்சுச்சாம், வத்தல் காய வைக்கிற மாதிரி. அதுவே சொல்லுச்சு."

தோட்டா வெயிலில் காய்ந்ததால் அந்த விபத்து நடக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பது போல அந்த முறத்தைப் பிடித்துக்கொண்டேன். 'வெயிலில் உலர்த்திய பழைய தோட்டாவை உபயோகித்த கவனக்குறைவு. துப்பாக்கியில் பழுது இல்லை.' அழகான கையெழுத்து எனக்கு.

அந்தக் காகிதத்தால் லைசென்ஸ் ரத்தானது. அந்த வருடமே பன்றிகள் கடலைக்காட்டைக் கிளறிப் போட்டன. மறுவருடம் நிலம் கொழுந்தன் கைக்குப் போய்விட்டது.

இதற்கு நடுவில் அவள் என் கடைக்கு வந்தாள், கண்ணில் பஞ்சுக் கட்டோடு. திட்ட வருகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க அம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சு குடுத்ததை நான் ஒரே நாள்ல பாழாக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"விடு தாயி" என்றேன்.

மன்னித்தேன் ஐயா! கண்ணைப் பறிகொடுத்தவளை நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்!

அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடம் அவளைப் பார்க்கவில்லை. கடையை மூடிவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம், உறவில் ஒரு கல்யாணத்துக்காக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது பின்னாலிருந்து யாரோ "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் தவமணி. தலையில் மல்லிகைப் பூ மூட்டை. இங்கே வாங்கிக் கொண்டுபோய் உசிலம்பட்டியில் கட்டி விற்கிறாளாம். பக்கத்தில் முடியை ஒட்ட வெட்டிய நெடுநெடுவென்ற பெண்.

"எம்மக. போலீசுக்கு எடுத்துருக்காங்கண்ணே, அடுத்த வாரம் ட்ரெய்னிங் போறா. துப்பாக்கியெல்லாம் குடுப்பாங்களாம். நான் பண்ண தப்ப இவ பண்ணிரக் கூடாதுல்ல? நீங்க தெரிஞ்சவுக... ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க."

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். சுற்றிலும் அவ்வளவு பூ மணந்தது. அந்த வாக்கியத்தை விழுங்கினேன்.

பிறகு பேசினேன். தோட்டாவை வெயிலில் வைக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, பழையதை நம்பக் கூடாது... கோர்வையாக, பொறுமையாக, ஒரு வாத்தியாரைப் போல. அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப எங்கம்மா மட்டும் அன்னைக்கு வெயில்ல காய வைக்காம இருந்திருந்தா, கண்ணு தப்பிச்சிருக்குமா மாமா?"

"தப்பிச்சிருக்கும்மா" என்றேன்.

அவள் தன் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தவமணி, பூ மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி, மகள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.