இன்சூரன்ஸ் இல்லாத மனிதர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கனடாவில், ரொறன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இரண்டு கடை போட்டேன். யாருக்கும் பணிந்ததில்லை. என்னைப் பணிய வைத்தவர் வீடு வீடாகப் பிற்சா கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர்.

தொண்ணூறுகளில் ஒரு பனிக்காலம். ஸ்காபரோவில் சிவப்பு விளக்கில் நின்ற என் காரை அவருடைய கார் பின்னால் வந்து இடித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவியின் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"இனித் தையல் வேலைக்கு எப்பிடிப் போறது?" என்று அழுதாள்.

பிற்சாப் பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தவர் மெலிந்த தமிழர். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

துடைத்தார். "பிழை என்ரைதான் அண்ணை. இன்சூரன்ஸ் இல்லை. பொலிசைக் கூப்பிடுங்கோ."

எனக்குப் பெருந்தன்மை பொங்கியது. "உன்னைப் பிடிச்சுக் குடுத்தோ நான் வாழோணும்? ஓடித் தப்பு தம்பி. என்ரை மனிசியை நான் பாப்பன்."

மறுபடி துடைத்தார். "ஓடமாட்டன். இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சால் உங்கடை இன்சூரன்ஸ் கொம்பனி அக்காவுக்கு நட்டஈடு தரும். அதுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எழுதோணும். உந்த வீறாப்பை வீட்டிலை வையுங்கோ."

வலியிலும் மனைவி, "நல்லாச் சொல்லுங்கோ தம்பி" என்றாள்.

நான் பொலிசுக்குப் போன் அடித்தேன். அவர்கள் வந்ததும் அவரே முன்னால் போய், பிழை தன்னுடையதுதான் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். தண்டம் வரும், லைசென்ஸும் போகலாம் என்று தெரிந்தவர்.

கொம்பனி பணம் தந்தது. கையும் சுகமானது.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓடினார்? அப்படி நிமிர்ந்து நின்றவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே எனக்கு வாய் வராமல் போனது அன்று மட்டும்தான்.