மிலேனா பிரித்த கடைசித் தையல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யூனிபார்ம் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பர் துபாய் ஹோட்டலில் பியானோ வாசிக்கும் பிலிப்பைன்காரர் ரமோன் பேசினார். "சிஸ்டர், மிலேனா இறந்துட்டாங்க" என்றார். காய்ச்சல் என்று படுத்தவள் பத்து நாளில் போய்விட்டாளாம். அவள் தங்கைதான் ஊரிலிருந்து அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அதற்குமேல் என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கே துபாயில், கராமாவில் என் வீட்டுக்காரரோடு தையல் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் மிலேனாவைத் தெரிந்தவர்கள் நம் தெருவில் இத்தனை பேர் இருக்கும்போது, அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் விட்டால் மனசு கேட்காது. அவளுக்கும் எனக்கும் இடையில் இருந்தது அரைகுறை இங்கிலீஷும் கை ஜாடையும்தான். அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஸ்லோவேனியா என்று ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. நம் ஊரில் ஒரு ஜில்லாவில் இருக்கிற சனம்தான் அங்கே மொத்த நாட்டுக்கும். அங்கே வருஷம் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். அதில் முதலாவது வருகிறவர்தான் ஐரோப்பா முழுக்கக் கலந்துகொள்ளும் பெரிய போட்டிக்கு நாட்டின் பெயரில் போவார். மிலேனா பத்தொன்பது வயதிலிருந்து அதற்காகப் பாடுகிறவள். பிழைப்புக்காக, ரமோன் வாசிக்கும் அந்தத் துபாய் ஹோட்டலில் பாட வந்தாள். வந்த வருஷமே போட்டிக்குப் போட ஒரு கவுன் வேண்டும் என்று மீனா பஜாரில் மயில் கழுத்து நிறத்தில் பட்டு வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்குள் நுழைந்தாள்.

தைத்துக் கொடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜாக்கெட்டுக்குப் போடுவது போல, உள்ளே துணி விட்டு ஒன்றை ஒட்டி ஒன்றாக மூன்று தையல் போட்டிருந்தேன்.

"அக்கா, ஒரே இடத்துல எதுக்கு மூணு கோடு? தப்பாத் தைச்சுட்டீங்களா?"

"தப்பு இல்லம்மா. அடுத்த வருஷம் உடம்பு போட்டா ஒண்ணைப் பிரிச்சுக்கலாம்."

"அப்ப இந்த வருஷம் நான் தோத்துடுவேன்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்க!" என்று சொல்லிக் கடை அதிரச் சிரித்தாள்.

தோற்றுத்தான் வந்தாள். பதினாலு பேரில் பதிமூன்றாவது. தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். "ஒருத்தரை ஜெயிச்சிருக்கேன் அக்கா" என்றாள்.

அடுத்த வருஷம் முதல் தையலைப் பிரித்தோம். எங்கள் கடைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அவள் தினம் மசால் தோசை சாப்பிட்டது உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரர், "இந்தத் தையலைப் பிரிச்சது நீ இல்ல, அந்தத் தோசை மாஸ்டர்" என்றார். அந்த முறை ஆறாவது. அதற்குள் தெருவில் எல்லாருக்கும் பழகிவிட்டது. பிள்ளைகளிடம் ரேங்க் கேட்பது போல, "மேடம், இந்தத் தடவை எத்தனாவது?" என்று கேட்பார்கள். ஒருநாள், இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கிறாயே, அலுக்கவில்லையா என்று கேட்டேன். "ஜெயிச்சவங்க ஆயுசுக்கும் அந்த ஒரு பாட்டையே பாடணும் அக்கா. தோத்தவளுக்கு வருஷா வருஷம் புதுப் பாட்டு" என்றாள்.

மூன்றாவது வருஷம்தான் சிக்கல் வந்தது. போட்டி நடப்பது குளிர்காலத்தில். இங்கே ஹோட்டலுக்கு அதுதான் சீசன். புதிதாக வந்த மேனேஜர் லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார். மீறிப் போனால் வேலை போகும், விசா கேன்சல். நம்மைப் போன்றவர்களுக்கு விசா என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மிலேனா கவுனை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னொரு தையலைப் பிரிச்சுக் கொடுங்க அக்கா, நான் போறேன்" என்றாள்.

நான் கவுனைக் கையில்கூட வாங்கவில்லை. "இதுக்கு மேல உள்பக்கம் துணி இல்லம்மா. பிரிச்சாக் கிழிஞ்சிடும்" என்றேன்.

பொய். கவுன் இல்லாவிட்டால் போகமாட்டாள், வேலை தங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கவுனின் உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரமாக விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, ஒரு விரல் அகலத்துக்குத் துணி இருக்கு."

என் வீட்டுக்காரர் வெட்டுகிற துணியிலேயே கண்ணாக இருந்தார். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "எங்க அம்மாவும் இப்படித்தான். முதல் போட்டி அன்னைக்கு என் செருப்பை ஒளிச்சு வெச்சுட்டாங்க. வெறுங்காலோட பாடினேன்." மேஜையிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்து அந்தத் தையலைத் தானே பிரித்தாள். எங்கே துணியையும் அறுத்துவிடுவாளோ என்று பயந்து, பாதியில் நான் வாங்கிப் பிரித்து முடித்தேன். அவள் போகும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் இரண்டாவது வந்தாள். வேலையும் போனது. பெட்டி எடுத்துப் போக விசிட் விசாவில் வந்தவளைப் பார்த்ததும், "வேலை போச்சேம்மா" என்று நான் அழுதுவிட்டேன். "ரெண்டாவது அக்கா, ரெண்டாவது! எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆள்தான்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவில் சுற்றோ சுற்று என்று சுற்றினாள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து கத்தரிக்கோல்களை எல்லாம் அப்புறப்படுத்தினார்.

திரும்பிப் போய், தன் ஊரில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தாள். இன்னும் இரண்டு முறை போட்டிக்குப் போனாள். ஒருமுறை ஒன்பதாவது. இன்னொரு முறை முதல் சுற்றிலேயே எடுக்கவில்லை. அதையும் போன் போட்டுச் சொன்னாள். அவள் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை. அதை மறைத்து எழுதினால் அவளே கோபித்துக்கொள்வாள். நான் பொய் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இங்கேதான் கேட்கிறேன்.

ஒருவர் ஆசைப்பட்டுக் கிளம்பும்போது, அவர் நல்லதுக்குத்தான் என்று நானே நினைத்துக்கொண்டு வழியை மறிப்பதில்லை. மிலேனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். போன வாரம் என் வீட்டுக்காரர் ஏழாவது தடவையாக டிரைவிங் டெஸ்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ஆறு தடவை ஃபெயிலான மனுஷன். "விட்டுடுங்களேன்" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. டெஸ்டுக்குப் போட்டுப் போகட்டும் என்று அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, காலரை இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்தேன்.