எதிர்க்கடைச் சிமெண்ட்

வளைகுடா ஊரான சஹமின் கடலோரச் சாலையில் சிமெண்ட் கொட்டகை நடத்தும் ஜுவைனாவைப் பேச்சில் ஜெயிக்க அந்த ஊரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. கணவர் போன பிறகு நான்கு பிள்ளைகளையும் அந்தக் கொட்டகையை வைத்துத்தான் ஆளாக்கினாள். உள்ளூர்த் தொழிற்சாலைச் சரக்கைத் தவிர வேறெதையும் உள்ளே விட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மலிவுச் சிமெண்டை விற்க ஆள் பிடிக்க ஒருவன் அல்வாவோடு வந்தான். அல்வாவையும் சேர்த்தே திருப்பி அனுப்பினாள்.

அப்படிப்பட்டவளைத்தான் சோஹார் ஓட்டலில் நடந்த விற்பனையாளர் கூட்டத்தில், ஒரு மூட்டையைத் தொட்டுத் தூக்கியறியாத தொழிற்சாலை மேலாளர் அஸ்ஸான் எழுப்பி நிற்க வைத்தான். பேரீச்சம்பழமும் காவாக் காப்பியும் சுற்றி வந்தன. திரையில் ஒரு கோடு மேலே மேலே ஏறியது. அடுத்த ஆண்டு வளைகுடா முழுக்கச் சிமெண்டுக்குக் கிராக்கியாம். துறைமுகமாம், கோபுரமாம், ரயில் பாதையாம். அதனால் எல்லோரும் இந்த மாதம் முதலே இரண்டு மடங்கு சரக்கு எடுத்து விற்றுக் காட்ட வேண்டும். முடியாதவர்களின் ஏஜென்சி போய்விடும்.

"கோபுரம் கட்டுறவன் என்கிட்டயா வர்றான் தம்பி? அவன் உங்க பாக்டரி வாசல்லயே டேங்கர்ல அள்ளிட்டுப் போயிடறான். என்கிட்ட வர்றது சுவர் இடிஞ்சவனும், ஒத்தை ரூம் கட்டறவனும்தான். அவங்களையும் எதிர்க்கடைக் கப்பல் சிமெண்ட் இழுத்துக்கிட்டுப் போகுது. இந்த உப்புக்காத்துல இரட்டைச் சரக்கை வச்சா அத்தனையும் கல்லாயிடும். அதை நீ வாங்கிப்பியா?" என்றாள் ஜுவைனா.

"சித்தி, நம்ம ஊர்ச் சரக்கு மேல ஜனங்களுக்குப் பற்று வரணும். அது நீங்க எடுத்துச் சொல்ற விதத்துல இருக்கு," என்றான் அஸ்ஸான்.

பற்றாம்! விலை கூடினாலும் நம்ம ஊர் பாக்டரி, நம்ம பிள்ளைகள் பிழைப்பு என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவள் அவள்.

அடுத்த வாரம், கேட்காமலேயே இரட்டைச் சரக்கு வந்தது. லாரிக்காரன் நூக் பலூச்சி அதை இறக்கிவிட்டு, மீதிச் சுமையோடு நேரே எதிர்க்கடைக்கு வண்டியைத் திருப்பினான். தார்ப்பாயை விலக்கியதும் ஜுவைனா பார்த்தாள். அத்தனையும் கப்பல் சிமெண்ட்.

"நூக்கு, இதை எங்கே ஏத்தினே?"

"நம்ம பாக்டரி கிடங்குலதான் அக்கா. ரெண்டு வருஷமா கம்பெனியே இதை வெளிநாட்டுல வாங்கி, வேற பேர்ல வித்துக்கிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். விற்காவிட்டால் ஏஜென்சி போய்விடும் என்று அவளை மிரட்டியவர்களே, எதிரில் சரக்கு இறக்கி அவள் வாடிக்கையை வளைத்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். அவள் வாய்ச்சொல்லை நம்பி இத்தனை நாள் கூட விலை கொடுத்த ஜனங்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே!

மறுநாள் மீன்காரன் சைஃப் வந்தான். மகளுக்குக் கல்யாணம், வீட்டோடு சேர்த்து ஒரு ரூம் கட்ட வேண்டும்.

"எதை வாங்கட்டும் அக்கா? நீங்க சொன்னா சரி."

அவளுக்குப் பின்னால் விற்காத மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. அவை போகாவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகைக்குப் பூட்டுத்தான்.

"எதிர்க்கடையிலயே வாங்கு சைஃப். எங்கே வாங்கினாலும் காசு ஒரே பெட்டிக்குத்தான் போகுது. உனக்காவது நாலு காசு மிஞ்சட்டும்."